இடது பக்கம் செரிஃப், வலது பக்கம் சான்ஸ் செரிஃப்

வெப் டிசைன் செய்கிறவர்கள் எழுத்தின் அழகைப் பார்ப்பார்களே தவிர, எழுதியிருப்பதைப் படிக்க மாட்டார்கள். இது தெரியாமல் ஒரு டிசைனருக்கு நான் காதல் கடிதம் எழுதினேன். (நானும் டிசைனர்தான். அதுதான் கேவலம்.)

அப்போது திருப்பதியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. நகரியிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவேன். பக்கத்து நாற்காலியில் ஹேமா, சித்தூர்க்காரி. இரண்டு வருஷம் நாங்கள் பேசியதெல்லாம் எழுத்துருவைப் பற்றித்தான். முனையில் குட்டிக் கால் வைத்த செரிஃப்தான் அழகு என்பாள். கால் இல்லாமல் மொழுக்கென்று இருக்கும் சான்ஸ் செரிஃப்தான் செல்போனில் படிக்கச் சுகம் என்பேன். சொத்துத் தகராறு மாதிரி சண்டை நடக்கும். அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்குள் சொல்லியாக வேண்டும்.

நகரி சேலை வியாபாரி ஒருவருக்கு வெப்சைட் செய்துகொண்டிருந்தோம். ஒரே பத்தியை இடப்பக்கம் செரிஃபிலும் வலப்பக்கம் சான்ஸ் செரிஃபிலும் போட்டு ஒப்பிட வேண்டும். அதற்கு எதையாவது போட்டு நிரப்புவோம். டம்மி டெக்ஸ்ட் என்று பெயர். நான் மனதில் இருந்ததைப் போட்டேன். "திங்கட்கிழமையிலிருந்து உன் இடம் காலியாக இருக்கும். நான் யாரோடு சண்டை போடுவேன்? போகாதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனாலும் போகாதே."

வியாழக்கிழமை லிங்க்கை அவளுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தாள். பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள்.

"வரிக்கு நடுவுல கொஞ்சம் இடம் விடு. மத்தபடி சூப்பர். நாளைக்கு கிளையண்ட்டுக்கே காட்டிடலாம்" என்றாள்.

அப்போதாவது மாற்றியிருக்கலாம். அதற்குள் ஒருமுறையாவது படித்துவிடுவாள் என்ற நப்பாசையில் விட்டுவிட்டேன்.

மறுநாள் சேலைக்காரர் வந்தார். ஹேமாவே அந்தப் பக்கத்தை ஆபீஸ் டிவியில் பெரிதாகத் திறந்தாள். அவருக்கு எழுத்துரு பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே படித்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆபீசுக்கே கேட்கிற மாதிரி படித்தார்.

"இன்னா நைனா, சேலை விக்கறதுக்கா இத்தினி ஏக்கம்?"

ஹேமா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது சும்மா டம்மி டெக்ஸ்ட் சார். எழுத்த மட்டும் பாருங்க" என்றாள்.

இல்லை, நிஜம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படியே மூடிக்கொண்டேன்.

அவர் இரண்டு பக்கத்தையும் இன்னொரு தரம் படித்தார். "வலது பக்கத்துக்காரன் நோட்டீஸ் படிச்சிக்கினு கீறான்மா. இடது பக்கத்துக்காரன்தான் நெஜமாவே தவிச்சிக்கினு கீறான். அதையே போடு."

ஜெயித்த சந்தோஷத்தில் ஹேமா என்னைப் பார்த்துச் சிரித்தாள். சாயங்காலம் போய்விட்டாள். என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாளா, கடைசிவரை படிக்கவே இல்லையா, இன்றுவரை தெரியாது. நம்பர் இருந்தும் கேட்கவில்லை. திங்கட்கிழமை அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சேலைக்காரர் இதை நகரி முழுக்கச் சொல்லி, என் கல்யாணத்துக்கும் வந்து என் மனைவியிடமும் சொல்லிவிட்டுப் போனார். இப்போதும் நான் கொஞ்சம் கனிவாக எதையாவது பேசினால், அவள் தோசைக் கரண்டியோடு திரும்பி, "நெஜமா, டம்மி டெக்ஸ்டா?" என்பாள்.

நிஜம்தான் என்று உடனே சொல்லிவிடுவேன். ஒருமுறை வாயை மூடிக்கொண்டு நின்றதே போதும்.