எலக்ட்ரானுக்கு விடைகொடுத்த நாள்

எலக்ட்ரானின் ஆட்சி அன்று முற்பகலோடு முடிய இருந்தது. பேராசிரியர் முனைவர் முனைவர் (பட்டம் இரண்டு, ஆகவே இருமுறை) எக்கேஹார்ட் டோர்ன்சைஃப் தம் உரையின் முதல் வரியாகவே அதை எழுதிவைத்திருந்தார். எலக்ட்ரான் தயாராகத்தான் இருந்தது. எக்காளம்தான் ஒலிக்கவில்லை.

"கர்ர்ர்" என்றது அறையின் மறுமூலையில் இருந்த ஒலிபெருக்கி.

"இவ்வளவு நேரம் நல்லா வாசிச்சுது, ஹெர் ப்ரொஃபசர்," என்றாள் உதவி ஆய்வாளர் வீப்கே. "நீங்க வந்து குனிஞ்சீங்க, நின்னுடுச்சு."

"மரியாதை தெரிஞ்ச கருவி," என்றார் அவர், மார்பில் இருந்த பேட்ஜை நேராக்கிக்கொண்டே. பட்டம் ஒன்றுகூட விடுபடாத பேட்ஜ். இரண்டு வரி.

விஷயம் எளிது. விரல்நக அளவில் ஒரு காந்தப் படலம். அதற்குள் கோடானுகோடி குட்டிப் பம்பரங்கள். இந்த ஓரத்தில் ஒன்று தலையாட்டினால் அடுத்ததும் ஆட்டும், அதற்கடுத்ததும் ஆட்டும். அலை மறு ஓரம் போய்ச் சேரும். மின்கம்பியில்போல எலக்ட்ரான் ஓடத் தேவையில்லை; யாரும் இடத்தைவிட்டு நகர வேண்டாம். துறைக் கூட்டத்திலும் இதே ஏற்பாடுதான்; என்ன, அங்கே செய்தி எதுவும் போய்ச் சேராது. இங்கே ஓர் எக்காள இசையை அந்த அலைமீது ஏற்றி அனுப்ப வேண்டும். பெர்லினிலிருந்து வரும் மதிப்பீட்டுக் குழு அதைக் கேட்டுவிட்டால் ஆய்வுக்கூடத்துக்கு இன்னும் நான்கு ஆண்டு நிதி. கேட்காவிட்டால் வீப்கேவுக்கு இந்த மாதத்தோடு வேலை இல்லை.

ஒரே ஒரு தொல்லை. பக்கத்தில் வேறு இரும்போ காந்தமோ வந்தால் பம்பரங்கள் தடுமாறிவிடும்.

"லிஃப்ட்!" என்று கண்டுபிடித்தார் டோர்ன்சைஃப். "அவ்வளவு பெரிய இரும்புப் பெட்டி மேலயும் கீழயும் போய்ட்டு வந்தா எப்படி?"

வாசலுக்குப் போய்க் காவலாளியிடம் கத்தினார். லிஃப்ட் நின்றது. எக்காளம் முழங்கியது.

"பாத்தீங்களா?" என்று வெற்றியோடு திரும்பி வந்து கருவிமீது குனிந்தார்.

கர்ர்ர்.

தொலைபேசி அடித்தது. வீப்கே கேட்டுவிட்டு வெளிறினாள். "குழு லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிச்சாம்."

"நல்லதாப் போச்சு, நமக்கு நேரம் கிடைச்சுது. பெல்ட்டு! எல்லாரும் பெல்ட்டைக் கழட்டுங்க. சாவி, மூக்குக்கண்ணாடி, எல்லாத்தையும் வெளிய வைங்க!"

"கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாதே," என்றான் தோர்பென் என்கிற இன்னோர் உதவியாளன்.

"காது கேக்குமில்ல? போதும்."

முன்மாதிரியாகத் தம் பெல்ட்டையே முதலில் உருவினார். வாசலில் நின்று ஒவ்வொருவராகச் சோதித்தார். உள்ளே எக்காளம் கணீரென்று கேட்டது. பெருமிதத்தோடு கிட்டே வந்தார். கர்ர்ர்.

அந்த நேரம் பார்த்து, காவலாளி மீட்டுவிட்ட குழு மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தது. ஆய்வுக்கூடமே ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. தோர்பென் கோட்டு மாட்டும் கம்பத்தோடு கைகுலுக்கி, "பயணம் சௌகரியமா இருந்துதா?" என்றான்.

டோர்ன்சைஃப் கலங்கவில்லை. "எலக்ட்ரானின் ஆட்சி முடிவடைந்தது," என்று தொடங்கி, கருவியைத் தொட்டுக்காட்டக் குனிந்தார்.

கர்ர்ர்.

"அது இன்னும் ராஜினாமா குடுக்கலை போல," என்றார் குழுத் தலைவி.

வீப்கே கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது செயலாளர் ஃப்ராவ் கேபல், வெண்ணெய் தடவிய பிரெட்ஸெல் ரொட்டிகள் அடுக்கிய தட்டோடு உள்ளே வந்தார். டோர்ன்சைஃப் பாய்ந்தார். "இரும்புத் தட்டா? உங்களாலதானா இவ்வளவும்? வேற என்ன காந்தம் வெச்சிருக்கீங்க? சொல்லுங்க!"

"தட்டு மரம், ஹெர் ப்ரொஃபசர்," என்றார் ஃப்ராவ் கேபல். "என்கிட்ட இருந்ததே மூணு காந்தம்தான். மத்தவங்க பேட்ஜுக்கெல்லாம் பிளாஸ்டிக் கிளிப்பே போதுமா இருந்துது. உங்க பட்டமெல்லாம் சேர்ந்த கனத்தை அது தாங்கலை, மூணையும் உங்க பேட்ஜுக்குப் பின்னாடி வெச்சுட்டேன்."