கைதட்டி வாத்தியாரும் மோர்ப் பந்தல் மைக்கும்

திருவண்ணாமலைக்கு ஞானம் தேடி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். ஊரையே கைதட்டி முன்னேற்றப் பார்த்தவர் ஒருவர்தான். அவர் நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கைதட்டி வாத்தியார் என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் சாயங்காலம் பர்சனாலிட்டி டெவலப்மென்ட் கிளாஸ் நடத்திக்கொண்டிருந்தார். வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை, சிவப்பு டை. எங்கள் ஊர் வெயிலில் டை கட்டித் திரிந்தது அவரும் கான்வென்ட் பிள்ளைகளும்தான். அவருடைய தத்துவம் ரொம்ப எளிமை. பாராட்டு கிடைக்காமல்தான் மனுஷன் கெட்டுப்போகிறான். ஆகவே யார் எதைச் செய்தாலும் கைதட்ட வேண்டும். டீ வந்தால் தட்டுவார். பஸ் புறப்பட்டால் தட்டுவார். பல் பிடுங்கிய டாக்டருக்கு வாய் நிறையப் பஞ்சோடு எழுந்து நின்று தட்டியதில், டாக்டர் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டாராம்.

நான் அப்போது வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். நாலு பேர் எதிரில் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஓட்டலில் தோசை கேட்கக் கூச்சப்பட்டு, சர்வர் வைத்ததையெல்லாம் தின்றுவிட்டு வந்தவன். பார்க்கச் சகிக்காமல் என் ரூம்மேட்தான் வாத்தியாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தான். முதல் நாள் எழுந்து நின்றேன். பெயரைச் சொல்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

"அட, இன்னா தம்பி, எழுந்து நின்னுட்ட பாரு! அதுவே பெரிய விஷயம். எல்லாரும் தட்டுங்க!" என்றார். தட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்காக யாரும் கைதட்டியதே இல்லை. மறுநாளும் போனேன்.

ஊருக்கெல்லாம் வாழக் கற்றுக்கொடுத்தவரின் சொந்த வீட்டில்தான் வம்பு. அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். ஒரு நாள் குழம்பு கொதிக்கும்போது கேஸ் தீர்ந்துவிட்டது. "பதிஞ்சு வைங்க, பதிஞ்சு வைங்கனு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!" என்று அக்கா கரண்டியோடு வந்திருக்கிறார். இவர் எழுந்து நின்று, "சபாஷ்! கோவத்த உள்ள வெச்சுக்காம கொட்டிட்ட பாரு!" என்று தட்டியிருக்கிறார். அன்றைக்கே அக்கா பையைத் தூக்கிக்கொண்டு அடி அண்ணாமலையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வீடு கிரிவலப் பாதையிலேயே இருந்தது. பௌர்ணமிதோறும் அதன் வாசலில் தெருப் பையன்கள் மோர்ப் பந்தல் போட்டு, மைக் வைத்து, கூட்டத்தில் தொலைந்தவர்களைக் கூப்பிடுவார்கள். மோர் ஊற்றுவது அக்கா. "இன்னிக்கு எப்படியும் கூப்ட்டுடறேன்" என்று சபதம் போட்டுத்தான் வாத்தியார் ஒவ்வொரு பௌர்ணமியும் கிளம்புவார். பந்தல் கண்ணில் பட்டதும் தலையைக் குனிந்துகொண்டு விடுவிடுவென்று தாண்டிவிடுவார். தாண்டினால் தாண்டியதுதான், மலையை எதிர்ப்பக்கமாகச் சுற்றக் கூடாதே! மறுபடி அந்த வாசலுக்கு வர முழு மலையையும் சுற்றியாக வேண்டும். சில பௌர்ணமிகளில் மனுஷர் சுற்றியும் வந்திருக்கிறார். வந்து, மறுபடியும் தாண்டியிருக்கிறார். மறுநாள் வீங்கிய காலைப் பக்கெட் வெந்நீரில் வைத்துக்கொண்டு, தயக்கத்தை வெல்வது எப்படி என்று எங்களுக்குப் பாடம் எடுப்பார்.

மைக்கில் பேசிப் பழக எங்களுக்கு ஹோம்வொர்க் உண்டு. அதுவும் அந்தப் பந்தலில்தான். போய் வந்தவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். "பேசினியா? சரி, சரி. மோர் ஊத்தினவங்க இளைச்சிருந்தாங்களா? சிரிச்சாங்களா? அட, மோரு எப்படி இருந்துச்சுனு கேக்கறேன்பா!"

என் முறையும் வந்தது. நிலா ஏறும் நேரம், நல்ல கூட்டம். அக்கா எனக்கு ஒரு டம்ளர் மோர் நீட்டி, "நீயும் அவரு கிளாஸா? ஒழுங்கா சாப்பிடறாரா?" என்றார்.

"பன்னும் டீயும்தாங்க்கா."

அக்காவின் முகம் வாடிவிட்டது. "மாசாமாசம் இந்த வாசல்லதான் போறாரு. ஒரு தடவ நின்னு வானு கூப்ட்டா போயிடுவேன். கூப்பிடாத எடத்துக்கு நானா எப்டிப்பா போறது?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை. கூட்டத்தில் அந்தச் சிவப்பு டை, தலையைக் குனிந்துகொண்டு, விடுவிடுவென்று. எனக்கு வந்ததே ஒரு கோபம்! பையனிடமிருந்து மைக்கை வாங்கினேன். "சிவப்பு டை கட்டிய கைதட்டி வாத்தியார் எங்கிருந்தாலும் நிற்கவும்! உங்கள் மனைவி மோர்ப் பந்தலில் காத்திருக்கிறார்!" என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

அதற்குள் பந்தலைத் தாண்டிவிட்டிருந்த வாத்தியார் ஆணி அடித்தாற்போல் நின்றார். அங்கிருந்தே கத்தினார். "திரும்பி வரக் கூடாதேப்பா! ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்!"

"சுத்தி வந்து மறுபடியும் தாண்டறதுக்கா?" என்று அக்கா என்னிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார். "நீங்க ஒண்ணும் திரும்ப வேணாம். அங்கயே நில்லுங்க. வானு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் முன்னால வரேன்."

நடந்துகொண்டிருந்த ஜனமெல்லாம் நின்றுவிட்டது. வாத்தியார் டையைப் பிடித்து முறுக்கினார். வாயைத் திறந்தார், மூடினார். அந்த அவஸ்தை எனக்குத் தெரியாதா? சொல்லிடுங்க சார், சொல்லிடுங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"வா... வாம்மா. நீ இல்லாம எனக்கு ஒண்ணுமே ஓடல."

அக்கா மேஜைக்கு அடியிலிருந்து பையை எடுத்தார். ஒவ்வொரு பௌர்ணமியும் கட்டி வைத்துக் காத்திருந்திருக்கிறார்! "வீட்ல கைதட்டக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்!" என்று மைக்கிலேயே எச்சரித்துவிட்டுக் கிளம்பினார்.

கூட்டம் மொத்தமும் கைதட்டியது. வாத்தியார் மட்டும் தட்டவில்லை. ஒரு கையில் பை, இன்னொரு கையை அக்கா விடவே இல்லை. எழுந்து நின்றதற்கே எனக்குத் தட்டிய மனுஷர் அவர். அவர்கள் கண்ணுக்கு மறையும் வரை, உள்ளங்கை எரிய எரிய, நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.