பாசியர் கைவைத்த தொட்டிகள்

ரொறன்ரோவில் மீன் வளர்க்கும் தமிழர் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் ஒரு மீன் தொட்டியை அரை மணி நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, உள்ளே மீன் இருந்ததா இல்லையா என்று சொல்லத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் பாசியர்தான். அவர் கண்ணுக்குத் தெரிவது கண்ணாடியில் படிந்த பாசி மட்டும். பச்சையா, பழுப்பா, தலைமயிர் போல் நீளுகிற சாதியா என்று பார்த்தவுடனே குலம் கோத்திரம் சொல்லிவிடுவார்.

அவருடைய சொந்தப் பெயர் டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து நகரமான பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் பிறம்ரனில் குடும்பமாக இருந்தாள். எங்கள் ஒன்பதாம் மாடியில் இவர் தனி ஆள்.

எங்கள் வீட்டுக்கு அவர் முதன்முதலில் வந்தது, நாங்கள் தொட்டி வாங்கிய மூன்றாவது மாதத்தில். தண்ணீர் அப்போது கீரைக் கடையல் பதத்துக்கு வந்திருந்தது. உள்ளே நான்கு தங்கமீன்கள் இருக்கின்றன என்பதை நம்பிக்கையின் பேரில்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"ஒண்டில் உந்தத் தொட்டி இருக்க வேணும், இல்லாட்டி நான் இருக்க வேணும்" என்றாள் மனைவி. எதை வைத்துக்கொள்வது என்று நான் யோசிக்கத் தொடங்கியதைக் கண்டு அவளே போய்ப் பாசியரைக் கூட்டிவந்தாள்.

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு, சுரண்டுவதற்குக் காலாவதியான நூலக அட்டை ஒன்றைப் பிடித்தபடி வந்தார்.

"லைற் எத்தினை மணித்தியாலம் எரியுது?"

"காலமை போட்டா படுக்கேக்கைதான் நிப்பாட்டுவம் அண்ணை."

"இதென்ன, கடையே நடத்துறியள்? சாப்பாடு?"

"மூண்டு நேரம்."

"மூண்டு நேரமோ! தம்பி, அது திண்டு முடிக்காததெல்லாம் பாசிக்குத்தான் போகுது. நீங்கள் மீன் வளர்க்கேல்லை, பாசி வளர்க்கிறியள். மீன் சும்மா வாடகைக்கு இருக்குது."

வைத்தியம் மூன்று நாள் இருட்டு. ஒரு துளி வெளிச்சம் படாமல் நாலடித் தொட்டியைக் கறுப்புப் போர்வையால் இறுக்கிச் சுற்றினார். சத்தம் போட்டால் மீன் மிரளும், மெதுவாகத்தான் கதைக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டார்.

மறுநாள் ஆறாம் மாடி அன்ரி ஏதோ கேட்க வந்தார். வரவேற்பறையில் கறுப்புத் துணி மூடிய நீளமான பெட்டியையும், பக்கத்தில் கிசுகிசுக்கும் குரலில் பேசும் என் மனைவியையும் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப பிள்ளை? ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

மனைவி தொட்டியைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள். "மூண்டு மாசமா இழுபட்டுக்கொண்டு இருந்தது அன்ரி. நேற்றுப் பாசியர் வந்துதான் மூடிவிட்டவர்."

அன்ரி ஓவென்று அழத் தொடங்கினார். சத்தம் கேட்டு நான் குளியலறையிலிருந்து துவாயோடு ஓடிவந்தேன். என்னைக் கண்டதும் அவர் வைத்த கூச்சலில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. நாலடிப் பெட்டிக்குள் நான் அடங்குவேன் என்று அன்ரி எப்படி நம்பினார் என்பதுதான் எனக்கு இன்றுவரை உள்ள மனத்தாங்கல்.

ஆனால் நாலாம் நாள் போர்வையை எடுத்தபோது தண்ணீர் தெளிந்திருந்தது. மீன்கள் நான்கல்ல, மூன்றுதான் என்றும் தெரிந்தது.

அதன் பிறகு பாசியருக்கு ஓய்வே இல்லை. வெக்ஸ்போர்ட்டில் ஒரு மண்டபத்தில் நடந்த கலியாணத்துக்கு நானும் அவரும் ஒன்றாகப் போனோம். மணவறைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மீன் தொட்டி. பார்த்த கணமே அவர் கோட்டைக் கழற்றிவிட்டார். கெட்டிமேளம் முழங்க எல்லோரும் எழுந்து அட்சதை போடுகிறார்கள். பாசியர் கதிரைமேல் ஏறி, தோள் வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டபடி நிற்கிறார்.

"அண்ணை, தாலி கட்டுறாங்கள், இறங்குங்கோ!" என்று பெண்ணின் தகப்பன் கெஞ்சினார்.

"அவங்கள் கட்டட்டும். ஒரு பக்கம் மட்டும் சுரண்டிப்போட்டு விட ஏலாது."

அந்தக் கலியாண வீடியோவில் மாப்பிள்ளையைவிட மீன்கள் தெளிவாக விழுந்திருக்கின்றன.

புகழ் முற்றினால் சங்கம் வைக்காமல் நம்மவர்களால் இருக்க முடியுமா? எங்கள் கட்டடத்தில் தொட்டி வைத்திருந்த ஐந்து பேர் கூடிப் பாசி ஒழிப்புச் சங்கம் தொடங்கினார்கள். முதல் கூட்டத்திலேயே அது இரண்டாக உடைந்தது. பாசிக்கு வெளிச்சமே காரணம் என்றது ஒரு சங்கம், சாப்பாடே காரணம் என்றது மற்றது. இரண்டுக்கும் தலைவரும் செயலாளரும் உண்டு. ஐந்தாவது ஆளான நான் நடுநிலை. இரு தரப்பும் பாசியரைப் பேச அழைத்தன. அவர் இரண்டு மேடையிலும் ஏறி, "ரண்டும் காரணம்தான்" என்றார். இரு சங்கங்களும் ஒரே நாளில் அவரை விலக்கிவைத்தன. அவை இரண்டும் ஒருமித்து எடுத்த ஒரே தீர்மானம் அதுதான்.

இத்தனைக்கும் அவருடைய தொட்டியை யாரும் பார்த்ததில்லை. முழங்கால் சத்திரசிகிச்சைக்காக ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டி வந்தபோதுதான் என்னிடம் வீட்டுத் திறப்பைத் தந்தார். "ஒரு நாளைக்கு ஒரு கிள்ளுச் சாப்பாடு. வேறை ஒண்டிலையும் கை வைக்காதேங்கோ."

கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தே விட்டேன். தொட்டி முழுக்கப் பாசி, தாடி வளர்ந்ததுபோல் தொங்கியது. உள்ளே கிழட்டுத் தங்கமீன் ஒன்று. மனிதர் வந்து பார்த்து மகிழட்டும் என்று தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டி, கண்ணாடியைத் தேய்த்து, பில்ரரைப் பைப்பில் கழுவிப் பளபளக்க வைத்தேன்.

மூன்றாம் நாள் மீன் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. வாய் மட்டும் அசைந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன்.

"பில்ரரையும் கழுவினீங்களோ?"

"ஓம் அண்ணை."

ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் ஏசவில்லை. அவர் குரல் இறங்கியது. "அதுக்குள்ளை நல்ல கிருமியள் இருந்தது தம்பி. அதுதான் தண்ணியைக் காப்பாத்துறது. உங்கட பில்ரர் பஞ்சிலை பாதியை வெட்டி அதுக்குள்ளை வையுங்கோ. நாளுக்குக் கால்வாசித் தண்ணி மாத்துங்கோ. அதைச் சாக விடாதேங்கோ."

என் பஞ்சு போதவில்லை. செய்தி பரவி, வெளிச்சச் சங்கத் தலைவரும் சாப்பாட்டுச் சங்கத் தலைவரும் ஆளுக்கொரு துண்டுப் பஞ்சோடு வந்தார்கள். ஒருவரோடொருவர் பேசவில்லை. பஞ்சுகள் மட்டும் ஒரே பில்ரருக்குள் அருகருகே இருந்தன. ஏழாம் நாள் காலையில் மீன் நிமிர்ந்தது.

அன்று மத்தியானம் பாசியர் ஊன்றுகோலோடு வந்து நேரே தொட்டியடிக்குப் போனார். மீனும் முன்னால் வந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு வாய் சும்மா இராமல், "எல்லாற்றை தொட்டியையும் சுரண்டுறியள், இதை மட்டும் ஏன் அண்ணை விட்டனீங்கள்?" என்றேன்.

"மனுசி வாங்கின மீன். அவ போனாப்பிறகு கன நாளா நான் போட்ட ஒண்டையும் தின்னேல்லை. நான் தொட்டியைக் கவனிக்கிற நிலைமையிலும் இல்லை, பாசி பிடிச்சிட்டுது. ஒரு நாள் பாத்தா, அதைக் கொறிச்சுக்கொண்டு நிக்குது. பிறகெப்பிடித் தம்பி சுரண்டுறது?" கண்ணாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஆனா கை சும்மா இராது. அதுதான் உங்கட வீடுகளுக்கு வாறனான்."

போன வருடம் மகள் அவரையும் மீனையும் பிறம்ரனுக்குக் கூட்டிப்போய்விட்டாள். எங்கள் தொட்டி இப்போது பளிங்கு. இருந்தும் மாதம் ஒருமுறை போன் எடுத்து, "அண்ணை, திரும்பப் பாசி பிடிச்சிட்டுது" என்கிறேன். மகள் காரில் கொண்டுவந்து விடுகிறாள். அவர் கண்ணாடியைக் குனிந்து பார்க்கிறார், "சரியான மோசம்" என்கிறார், சட்டைக் கையை மடிக்கிறார். பாசியே இல்லாத அந்தக் கண்ணாடியை ஒரு மணி நேரம் சுரண்டுகிறார். நான் பக்கத்தில் வாளி பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.