மீன்கூடத்தில் எனக்கு இடம் கிடைத்த விவரம்

ராயபுரம்
செவ்வாய்க்கிழமை

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பேத்தி கீர்த்திக்கு ஆயா தெய்வானை எழுதுவது. நான் நலம், உன் தாத்தா நலம். எதிர்வீட்டு ஜானட்டும் நலமாகத்தான் இருக்கிறாள், நான் என்ன செய்ய.

புதிய மீன்கூடத்தில் பெயர் வரிசைப்படிதான் இடம், சண்டை வராமலிருக்க அதுதான் நம் சங்கத்து வழக்கம், வாசலில் ஒன்றாம் எண், உள்ளே போகப்போக ஈ ஓட்ட வேண்டியதுதான், அதற்காக நேற்று விடிந்ததுமே போய் நின்றால், நீ கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்த சங்கத்துப் பட்டியலை வைத்திருக்கும் பாஸ்கல், சின்ன வயதில் என் ஐஸ் பெட்டி மேல் ஏறி மூடியை உடைத்தவன், அன்றைக்கு ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, எதையோ தட்டிவிட்டு, "ஆயா, உன் பேரே இல்ல. நீ மெம்பரே கெடையாது" என்றான். "முப்பத்தோரு வருசமா நான் இன்னாடா, வேடிக்கை பாத்துகினா இருந்தேன்?" என்றேன். ஜானட் சிரித்தாள். அதையும் மறக்க மாட்டேன்.

அப்புறம்தான் உனக்குப் போன் போட்டு அவன் கையில் கொடுத்தேன். நீ அவனிடம், "அண்ணா, நீங்க தாய்ப் பட்டியல மட்டும் பாக்குறீங்க. படகுக்காரங்க, மீன் விக்கிறவங்கன்னு கீழ ரெண்டு பிள்ளைப் பட்டியல் இருக்கு. அதையும் சேத்துத் தேடுங்க" என்றாய். தேடினான். பெயர் வந்தது, எனக்கு உயிரும் வந்தது. ஆனால் முப்பத்தெட்டாம் இடம்! ஜானட், ஜெமிமா, ஜெயந்தி என்று ஜ எழுத்தில் மட்டும் பத்தொன்பது பேர் எனக்கு முன்னால். அதற்கும் நீதான், "வரிசை விதிய தமிழுக்கு மாத்துங்கண்ணா, ஜ எல்லாம் கடைசில போயிடும்" என்றாய். மாற்றினான். மொத்தக் கூட்டமும் பின்னால் போக, நான் பத்தொன்பதுக்கு வந்தேன். "கலீஜு கம்பூட்டரு!" என்று ஜானட் கத்தினாள். "பள்ளிக்கூடத்து வரிசைம்மா. ரெண்டாங்கிளாசு படிச்ச எனக்கே தெரியுது" என்றேன். நேற்றுதான் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினேன். எல்லாம் சரியாகிவிட்டது, இனி நீ எதையும் தொட வேண்டாம்.

வடிவுடையம்மன் உன் கண்ணையும் விரலையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் ஆயா,
தெய்வானை

பி.கு.: தொட வேண்டியிருக்கிறது. படகு என் பெயரில், கூடை என் தலையில், அதனால் இரண்டு பிள்ளைப் பட்டியலிலும் இருக்கிறேன். ஒரே மெம்பர் எண் இரண்டு முறை வரக்கூடாது என்ற காவல் தாய்ப் பட்டியலுக்கு மட்டும்தான், பிள்ளைகளுக்கு இல்லை என்று நீ அப்போதே சொன்னாய், எனக்கு இப்போதுதான் புரிகிறது. பத்தொன்பதும் தெய்வானை, இருபதும் தெய்வானை. இடத்துக்கு இடம் பெயரும் எண்ணும் எழுதி ஒட்டியும் ஆயிற்று, இனி யார் இடமும் மாறாது. "யாரு ஆயா அது இன்னொருத்தி?" என்று பாஸ்கல் கேட்க, வாய்க்கு வந்தபடி, என் தங்கச்சி என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை ஆதார் அட்டையோடு அவளை அழைத்து வரச் சொல்கிறான். ஞாயிறுக்குள் ஒருத்தியை எடுத்துவிடு. பார்த்து எடு கண்ணு, பத்தொன்பதைத் தூண் மறைக்கிறது. இருபதில் இருப்பவள்தான் நான்.