ஒற்றை வெடி அங்கிளும் சாகாத முயல்களும்

ஆஸ்திரேலியாவில் உள்ள முயல்கள் எல்லாம் கூடி ஒரு மனிதருக்குச் சிலை வைப்பதென்றால், அதை எங்கள் ஒற்றை வெடி அங்கிளுக்குத்தான் வைக்க வேண்டும். சனிக்கிழமை தவறாமல் துவக்கைத் தூக்கிக்கொண்டு முயல் வேட்டைக்குப் போவார். அவரால் ஒரு முயலின் மீசைகூடக் கருகியதில்லை.

வீதிப் பலகைகளில் மைல் போய்க் கிலோமீற்றர் வந்துகொண்டிருந்த காலம் அது. மெல்பேர்னுக்கு வெளியே கிரான்பர்னில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பின்வேலிக்கு அப்பால் முட்டைக்கோசுத் தோட்டமும் புல்வெளியும்தான். நான், என் கணவர், ஒன்றரை வயது மகள் மீனா. கணவருக்குத் தெரிந்த நில அளவையாளர் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். அவர்தான் அங்கிள். பின்னறையை அவருக்குக் கொடுத்தோம். ஐம்பது வயது, தனி ஆள், முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாத சைவர். குழந்தை உள்ள வீட்டுக்கு இதைவிடப் பாதுகாப்பான மனிதர் கிடைக்கமாட்டார் என்று நினைத்தேன்.

சில நாட்களில் ஒரு நீளப் பொட்டலத்தோடு வந்தார். குடையாக்கும் என்று கையில் வாங்கினேன். பிரித்தால் துவக்கு.

"ஐயோ! இதென்ன அங்கிள்?"

"பயப்பிடாதையும் பிள்ளை. முயலுக்கு அடிக்கிற சின்னத் துவக்கு. கடையிலை இருந்ததுக்குள்ளை ஆக மலிவு. ஒரு தரத்துக்கு ஒரு தோட்டாதான் போடலாம்."

ஒன்று போதாதா என்று நினைத்துக்கொண்டேன். "தோட்டாவெல்லாம் எங்கை?" என்றேன்.

"தகரப் பெட்டிக்குள்ளை பூட்டியிருக்கு. திறப்பு என்ரை அரைஞாணிலை" என்று நிரூபிப்பதற்காகச் சட்டையை உயர்த்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

குழந்தை நல நிலையத்துத் தாதி தந்த புத்தகத்தை அன்று முழுவதும் புரட்டினேன். பல் முளைப்பது, தடிமன், காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் இருந்தது. பின்னறையில் துவக்கு முளைத்தால் என்ன செய்வது என்று ஒரு வரியும் இல்லை.

அவருடைய கொள்கை எளிமையானது. "பத்துத் தோட்டா போடுற துவக்குக்காரன் பத்துத் தரமும் யோசிக்கமாட்டான். ஒண்டே ஒண்டு எண்டால் யோசிச்சுத்தான் அடிப்பான். மலிவுத் துவக்கும் குறி தவறாது பிள்ளை, அதின்ரை குணத்தைப் படிச்சால்." படித்தார். மரக்கட்டையோடு குழலைப் பிணைக்கும் திருகாணியைக் கால் சுற்று இறுக்குவார், அரைக்கால் சுற்றுத் தளர்த்துவார். குழலுக்கு அடியில் தபால் அட்டைத் துண்டு வைப்பார். வைத்துச் சுடுவார். எடுத்துச் சுடுவார். நான் பெற்ற பிள்ளையை இவ்வளவு கவனமாக வளர்க்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

ஒரு சனிக்கிழமை தோசைக்கு நனைக்கலாம் என்று பார்த்தால் உளுந்தைக் காணவில்லை. அந்நாளில் மெல்பேர்னில் உளுந்து கிடைப்பது தங்கம் கிடைப்பது மாதிரி. வேலியால் எட்டிப் பார்த்தேன். மீனாவின் நாப்பித் துணிகளைப் பையாகத் தைத்து, உளுந்தை நிரப்பி, அதன்மேல் துவக்கைக் கிடத்திவிட்டுக் குப்புறப் படுத்திருந்தார்.

"அரிசியிலை வைச்சுப் பார்த்தனான் பிள்ளை, வழுக்குது. பயறு பரவாயில்லை. ஆனால் உளுந்து மாதிரி வராது!"

கொடியில் மிச்சமிருந்த நாப்பியையாவது நான் எடுக்கப் போக, "இன்னுமொரு நாப்பி கொடியிலை கிடக்கட்டும். காத்து எந்தப் பக்கமெண்டு அதைப் பார்த்துத்தான் அடிக்கிறனான்" என்றார்.

புல்வெளிக்குச் சொந்தக்காரர் பில் என்ற தோட்டக்காரர். முயல்களைச் சுட்டுத் தொலைக்கத்தான் அனுமதி கொடுத்திருந்தார். ஒருநாள் வேலியடிக்கு வந்து, எத்தனை விழுந்தது என்று கேட்டார். அங்கிள் பெருமையோடு, தான் குறி வைத்துச் சுட்ட ஒரு கடதாசியை நீட்டினார். ஐந்து ஓட்டைகள், இருபது சத நாணயக் குற்றியால் மூடிவிடலாம். நூற்றைம்பது அடி தூரத்திலிருந்து! பில் கடதாசியைப் பார்த்தார். சற்றுத் தள்ளி முட்டைக்கோசு தின்றுகொண்டிருந்த முயலைப் பார்த்தார். "என் தோட்டத்தைக் கடதாசி தின்னவில்லையே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடக்கத் தொடங்கிய மீனா எந்தக் கதவையும் தள்ளித் திறந்தாள். "நவராத்திரி முடிய அங்கிளை வேறை இடம் பார்க்கச் சொல்லுங்கோ. இல்லாட்டி நானும் பிள்ளையும் வெளிக்கிடுறம்" என்று கணவரிடம் முடிவாகச் சொன்னேன். சொன்னபின், பாவமோ என்றும் யோசித்தேன். பிறகு மீனாவைப் பார்த்தேன். பாவமில்லை.

ஆயுத பூசை அன்று குளித்துவிட்டுச் சாமி அறைக்குள் போனேன். சரஸ்வதி படத்தின் முன் என் கணவரின் கணக்குப் பார்க்கும் அளவுகோல், மீனாவின் படப் புத்தகம், நடுவில் எண்ணெய் பூசி மினுக்கிச் சந்தனப் பொட்டு வைத்த துவக்கு.

"இது என்ரை ஆயுதம்தானே? நாளைக்குத்தான் எடுக்கலாம். அதுமட்டும் தொடக்கூடாது" என்றார் அங்கிள்.

அன்று காலையிலேயே அது நடந்தது. மீனா பின்முற்றத்தில் தண்ணீர்க் குழாயடியில் ஒரு தகரப் பேணியோடு இருந்தாள். அவளுக்கு ஒரு முழம் தள்ளி, வெயில் காய்ந்தபடி மண்ணிறப் பாம்பு. நான் சமையலை விட்டுவிட்டுக் குசினி வாசலிலிருந்து அலறினேன். அங்கிள் ஓடி வந்தார்.

"துவக்கை எடுங்கோ அங்கிள்! சரஸ்வதி ஒண்டும் சொல்லமாட்டா, எடுங்கோ!"

அவர் சாமி அறைப் பக்கமே திரும்பவில்லை. "சத்தம் போடாதையும்" என்று மட்டும் மெல்லச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டினார். வெறுங்காலோடு சுற்றிப் போய், மீனாவுக்குப் பின்னால் குனிந்து, பாம்பின் தலைக்கு நேரே கையை நீட்டி அவளைத் தூக்கினார். பாம்பு தலையை உயர்த்தியது. அவர் ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அது வேலிக்கு அடியில் ஊர்ந்து போனது.

பிள்ளையைப் பறித்து அணைத்துக்கொண்டேன். பயம் போன இடத்தில் கோபம் வந்தது. "ஏன் துவக்கை எடுக்கேல்லை? குறி தவறாத துவக்கு எண்டு சொன்னீங்களே!"

"அது கடதாசிக்குப் பிள்ளை" என்றார் அங்கிள். "எண்ணெய் பூசின குழல். முதல் வெடி எங்கை போகுமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ரெண்டு மூண்டு அடிச்சாப் பிறகுதான் ஒழுங்குக்கு வரும். பாம்புக்குப் பக்கத்திலை குழந்தை இருக்கேக்கை எப்படி அடிக்கிறது?"

"பாம்பு உங்களைக் கடிச்சிருந்தால்?"

"அதை நான் கணக்குப் பார்க்கேல்லை."

அறையை விடச் சொல்லும் பேச்சை அதன்பிறகு என் கணவர் எடுக்க நான் விடவில்லை. அன்று அங்கிள் போய்ப் பின்படியில் உட்கார்ந்தார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போனேன். கோப்பையை வாங்கியவர் பாதியை வேட்டியில் ஊற்றிக்கொண்டார். மீனாவை இடுப்பில் வைத்தபடி, அவர் குடித்து முடிக்கும்வரை கோப்பையை நானே பிடித்துக்கொண்டிருந்தேன்.