வார்டில் கேட்ட ‘கை!’

ஒரு ஆஸ்பத்திரி வார்டு முழுவதையும் ஒரே சொல்லில் கையைத் தூக்க வைத்தவள் நான். கட்சித் தலைவர்களுக்குக்கூட அது லேசில் வாய்க்காது. இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு, பக்கத்துக் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளலாமா என்றுதான் பார்த்தேன்.

தாம்பரத்தில் நர்சிங் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். கூடவே கல்லூரி ரிலே அணியின் நான்கு பெண்களில் நான் மூன்றாவது ஆள். விடிந்ததும் மைதானம், அப்புறம் வார்டு, மதியம் வகுப்பு. வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவேன். (அதற்கும் தனிப் பயிற்சி வேண்டும்.) சிட்லபாக்கத்தில் எங்கள் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். “ஏன் எஸ்தர், பேஷண்டைக் காப்பாத்த ஓடுறியா, பேஷண்ட்கிட்டேர்ந்து தப்பிக்க ஓடுறியா?” என்று தினமும் கேட்பார்.

ரிலே ஓட்டத்தில் கட்டையைக் கொடுப்பவள் ஒரு சொல்லைக் கத்துவாள். முன்னால் ஓடுகிறவள் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். எங்கள் பி.டி. சார் தேர்ந்தெடுத்த சொல் ‘கை!’ “தாம்பரம் ஸ்டேஷன்ல ட்ரெயின் ஹாரன் அடிக்கும்போதும் கேக்கணும்!” என்பார். கத்திக் கத்தி அது என் ரத்தத்தில் ஊறிவிட்டது. ஒரு நாள் தூக்கத்தில் கத்தியிருக்கிறேன். பக்கத்தில் படுத்திருந்த தங்கை தூக்கத்திலேயே கையை நீட்டியிருக்கிறாள்.

கல்லூரிகளுக்கிடையே போட்டி, மதியம் மூன்று மணிக்கு. அதே நாள் காலையில் வார்டில் மாடல் ப்ராக்டிகல். என் மதிப்பெண்கள் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்ததால், முந்தின நாள் பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார்.

“பாஸ் பண்ணா கிரவுண்டுக்குப் போ. ஃபெயிலானா உன் ஓட்டப் பந்தய ஷூவைக் கழட்டி என் டேபிள் மேல வெச்சிடு. கோர்ஸ் முடியற வரைக்கும் ஓட்டம்ங்கற பேச்சே இருக்கக் கூடாது.”

எங்கள் அணியில் ஐந்தாவது ஆள் கிடையாது. நான் ஃபெயிலானால் நாலு பேரும் காலி.

எனக்கு விழுந்தது ஆண்கள் வார்டு; வேலை, கையில் கட்டுப் போடுவது. பேஷண்ட் கோவளத்தில் படகு வைத்திருப்பவர். கயிறு இழுத்ததில் மணிக்கட்டு சுளுக்கி வீங்கியிருந்தது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மேடம், கட்டிலருகே எனக்கு முதுகைக் காட்டியபடி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். வணக்கம் சொல்லி, என் பெயரைச் சொல்லி, பேஷண்டின் பெயரைக் கேட்டு, செய்யப்போவதை விளக்கிய பிறகுதான் தொட வேண்டும். எல்லாம் மனப்பாடம். தள்ளுவண்டியிலிருந்து பேண்டேஜ் சுருளை எடுத்தேன். பாவி, அது சரியாக ரிலே கட்டையின் பருமனில் இருந்தது. கால் தானாக வேகம் பிடித்தது.

“கை!”

ஆறு கட்டிலிலும் கைகள் உயர்ந்தன. காலில் கட்டோடு படுத்திருந்தவர்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று தூக்கினார். ஆனால் என் உயிர் போனது அதனால் இல்லை. மேடம் திரும்பிப் பார்க்காமலே வலது கையைப் பின்னால் நீட்டினார். கட்டைவிரல் விரிந்து, உள்ளங்கை தயாராக, அச்சு அசல் ரிலே கை! நான் பளாரென்று சுருளை அதில் வைத்தேன். அவர் இறுகப் பிடித்துக்கொண்டு மூன்று அடி ஓடியே விட்டார். டிரிப்ஸ் ஸ்டாண்ட் குறுக்கே வந்ததால்தான் நின்றார்.

கோவளத்துக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். “இன்னாம்மா, எலெக்சன் வந்துட்ச்சா? கைய கேட்டா குடுக்கப் போறேன், அதுக்கு இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்துற?”

வார்டே சிரித்தது. மேடம் மெல்லத் திரும்பினார்.

“எத்தனாவது ஆள்?”

“மூ... மூணாவது, மேம்.”

“நான் நாலாவது. எங்க காலேஜ்ல.”

அப்பாடா, பிழைத்தோம் என்று நினைத்தேன். எங்கே? அடுத்த நொடி மேடம் முகம் கல்லாகிவிட்டது. “அவர் பேரைக் கேட்டியா? உன் பேரைச் சொன்னியா? வலிக்கிற கைம்மா அது, நீ கத்தினதும் நீட்டறதுக்கு ரிலே கையா? வெளியே போ. மறுபடி உள்ளே வா. ஒரே ஒரு சான்ஸ்.”

வெளியே போனேன். அப்போதுதான் உறைத்தது: அவர் சொன்னது சரி. நான் அந்த மனிதரின் முகத்தைக்கூடப் பார்த்திருக்கவில்லை.

மறுபடி உள்ளே போய் அவர் முகத்தைப் பார்த்தேன். “வணக்கம் ஐயா, என் பேர் எஸ்தர். உங்க பேர் என்னங்க?... கட்டுப் போடப்போறேன். கொஞ்சம் கையை நீட்டுங்க. வலிச்சா சொல்லுங்க.”

“இப்டி கேளு, ரெண்டு கையும் தர்றேன்” என்றார்.

கட்டு கச்சிதமாக விழுந்தது. மேடம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “பாஸ். ஓடு!” நான் திரும்பியதும், “வார்டுக்குள்ள நடந்து போ! வெளியே போய் ஓடு!” என்று கத்தினார்.

ஷேர் ஆட்டோவில் போகும் வழியெல்லாம், கட்டுப் போடுமுன் நான் சொன்ன வாக்கியம்தான் மண்டைக்குள் ஓடியது. அதன் பலன் மூன்று மணிக்குத் தெரிந்தது. என் கைக்குக் கட்டை வந்தபோது நாங்கள் மூன்றாவது இடம். வளைவில் ஒருத்தியைத் தாண்டினேன். முன்னால் எங்கள் கடைசி ஆள் ரேவதி ஓடத் தொடங்கிவிட்டாள். ‘கை!’ என்று கத்த வாயைத் திறந்தேன். முழுத் தொண்டையில் வந்தது இதுதான்:

“கொஞ்சம் கையை நீட்டுங்க! வலிச்சா சொல்லுங்க!”

ரேவதி பகபகவென்று சிரித்துவிட்டாள். ஆனால் மகராசி, கையை நீட்டினாள்! சிரித்துக்கொண்டே நூறு மீட்டரும் ஓடி, கடைசி எட்டில் முந்தி ஜெயித்தாள். நாங்கள் நாலு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம், சிரித்தோம், எது எதென்று தெரியவில்லை. மறுநாள் பிரின்சிபால் மேஜைமேல் கோப்பையை வைத்தேன். “நான் ஷூவைத்தானே கேட்டேன்?” என்றார். முதல்முறையாக அவர் பல்லைப் பார்த்தேன்.

இப்போது நாவலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு பொறுப்பு என்னிடம். ஆனால் அந்தக் கதை என்னை விட்டுப் போகவில்லை. என் கல்யாணத்தன்று சர்ச்சில், வலது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று போதகர் சொல்ல வாயெடுத்த நேரம். பின்வரிசையிலிருந்து ரேவதி கிசுகிசுத்தாள்: “கை!”

மாப்பிள்ளை எதிரே நிற்கிறார். என் கை விறைப்பாகப் பின்னால் நீண்டு நிற்கிறது, கட்டைவிரல் விரிந்து. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளைக்கு அவரே கதையைச் சொல்லி வைத்திருந்தார் போலிருக்கிறது. மாப்பிள்ளை கொஞ்சமும் பதறாமல் சொன்னார்:

“கொஞ்சம் கையை நீட்டுங்க. வலிச்சா சொல்லுங்க.”

நீட்டினேன். இந்த முறை முன்பக்கமாக.