சிவலிங்கண்ணை திரும்பிப் பார்த்த இடம்

ஒரு சாவின் முப்பத்தோராம் நாள் படையலுக்கு வந்த சனத்தைச் சாப்பிடாமல் ஓட வைத்தவள் கண்டாவளைப் பக்கத்தில் நான் ஒருத்திதான். பேயால் அல்ல, ஒரு கிராபிக்ஸ் கார்டால். (பேய் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் மறுப்பதில்லை. மறுத்தால் பழி முழுதும் என் தலையில் விழும்.)

சந்தியில் எனக்குச் சின்னக் கடை. கலியாண வீடியோ, சாமத்திய வீட்டு அல்பம், கண்ணீர் அஞ்சலிப் பதாகை. படித்தது எட்டாம் வகுப்பு. மற்றதெல்லாம் பிழைவிட்டுப் பழகியது. என் மனுசன் தண்ணீர் மோட்டர் திருத்துகிறவர்.

சிவலிங்கண்ணை வயலில் விழுந்து இறந்தபோது பதாகைக்கு ஒரு நல்ல படம் கிடைக்கவில்லை. கமெராவைக் கண்டால் முதுகைக் காட்டுகிற மனிதர். ஊர்க் கலியாண அல்பங்களில் அவருடைய முதுகு நிறைய இருக்கிறது. முகம் இருந்தது அடையாள அட்டையில் மட்டும். அதைப் பெருப்பித்து அடித்தேன். அவருடைய மனைவி நல்லம்மாக்கா அதை நெடுநேரம் பார்த்தார்.

"களவெடுத்துப் பிடிபட்ட ஆள் மாதிரி நிக்கிறார்," என்றார்.

பிறகு தன் போனை நீட்டினார். கோயில் அன்னதானத்தில் யாரோ எடுத்த இருபது செக்கன் வீடியோ. மங்கல், ஆட்டம். பன்னிரண்டாவது செக்கன் வரை முதுகு. பிறகு சோற்று வாளியோடு திரும்பி, "வாங்கோ, இருங்கோ" என்கிறார். அவ்வளவுதான்.

"முப்பத்தொண்டுக்கு இதைத் தெளிவாக்கித் தா. அவரின்ர முகம் அசையிறதை ஒருக்காப் பாக்கவேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

ஓம் என்றுவிட்டேன். ஓம் என்று சொல்ல எட்டாம் வகுப்புக் காணும். ஆனால் முகத்தைத் தெளிவாக்கும் மென்பொருள் என் பழைய கொம்பியூட்டரில் திறக்கவே மறுத்தது. நல்ல கிராபிக்ஸ் கார்ட் வேண்டுமாம்.

கிளிநொச்சிக்குப் போனேன். கடைக்காரர் நரைத்த மனிதர், அதிகம் கதைக்காதவர். பவர் எவ்வளவு என்று கேட்டார். இருநூற்று முப்பது என்றேன். அது வீட்டுக் கரண்ட், தான் கேட்டது பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை எத்தனை வோட்ஸ் என்று, என்றார். அது எல்லாருக்கும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். காணும் என்றேன். (எது காணும் என்று எனக்கும் தெரியாது.)

இரண்டு கார்ட் காட்டினார். ஒன்று சின்னது, ஒற்றைக் காற்றாடி. என்னுடைய பெட்டிக்கு அது போதும் என்றார். மற்றதற்கு மூன்று காற்றாடி. அதற்குத் தனியாக இரண்டு பவர் வயர் வேண்டும். நான் மூன்றைத் தூக்கினேன். எங்கள் வெக்கைக்கு மூன்று காற்றாடி நல்லதுதானே. மூன்று வருட வாரண்டி. ஸ்டிக்கரைக் கிழிக்கக்கூடாது, ஓவர்குளொக் செய்யக்கூடாது, இரண்டில் எதைச் செய்தாலும் வாரண்டி போய்விடும் என்று சொல்லித்தான் தந்தார். நான் தலையை ஆட்டினேன்.

பெட்டிக்குள் தனி வயர் ஒன்றுதான் இருந்தது. ஒன்றை இரண்டாகப் பிரிக்கிற வயர் வாங்கிக் கொழுவினேன். மனுசன் எட்டிப் பார்த்தார்.

"ஒரு இஞ்ச் குழாயில மூண்டு இஞ்ச் மோட்டர் பூட்டியிருக்கிறாய். இழுத்தால் காத்துத்தான் வரும்."

"நீங்கள் உங்கட மோட்டரைப் பாருங்கோ," என்றேன்.

ஸ்டிக்கர் தானாகவே கிழிந்தது. (நான் திருகாணியைக் கழற்றியபோது.)

அந்த மென்பொருள் வீடியோவை ஓடவிடும்போதே தெளிவாக்கிக் காட்டியது, ஆனால் அந்த இருபது செக்கனைச் சேமிக்க அப்போதும் ஒன்பது மணித்தியாலம் கேட்டது. வேகம் கூட்டும் கோடு ஒன்று திரையில் இருந்தது. ஓவர்குளொக் என்றால் மணியைக் கூட்டுவது என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். எங்கள் பகுதியில் ஒரு காலம் இரண்டு நேரம் இருந்தது. யுத்தத்துக்குள் அரசாங்கம் மணியை முன்னுக்குத் தள்ளியது; நாட்டுக்கு அந்தப் புதிய நேரம், எங்களுக்குப் பழைய நேரம். எத்தனையோ பேர் எதெதற்கோ செத்தார்கள், மணியைத் தள்ளிவைத்து ஒருவரும் செத்ததில்லை. ஆகவே நானும் தள்ளினேன். (கொஞ்சம்தான். கொஞ்சம் என்றால் கோடு முடியும் வரை.)

நல்ல மத்தியானம். சந்தியில் நாய்கூட இல்லை. வீடியோவை ஓடவிட்டேன். முதுகு. முதுகு. பன்னிரண்டாவது செக்கனில் அவர் திரும்பினார். பெட்டிக்குள் யாரோ முனகினார்கள்.

மெல்லிய சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு நோவைத் தாங்குகிற ஆளின் சத்தம். நிறுத்தினேன், நின்றது. மறுபடி தொடக்கத்தில் இருந்து விட்டேன். முதுகு தெரிந்தவரை ஒன்றுமில்லை. முகம் வந்ததும் முனகல் வந்தது. பிறகு எல்லாம் அணைந்தது. கறுத்த திரையில் என் முகம் தெரிந்தது. எனக்குப் பின்னால் ஒருக்கால் பார்க்கவேண்டும் போல் இருந்தது. பார்க்கவில்லை.

நான்கு தரம் விட்டேன். நான்கு தரமும் அதே இடம். ஒரு கலியாண வீடியோவைத் தெளிவாக்காமல் சும்மா ஓடவிட்டுப் பார்த்தேன். முனகல் இல்லை. எனக்கு இந்த நம்பிக்கைகள் குறைவு. ஆனாலும் கொஞ்சம் விபூதி எடுத்துப் பெட்டியின் மேல் போட்டேன். மூன்று காற்றாடியும் சேர்ந்து அதை எனக்கே திருப்பிப் பூசின.

மனுசனைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாழ்நாள் முழுக்க மோட்டர் முனகல் கேட்டவர். காதை வைத்துக் கேட்டார். இது மோட்டர் இல்லை என்றார். "அந்தாளுக்கு விருப்பமில்லைப் போல. உயிரோட இருக்கேக்கையே முகம் காட்டாத மனுசன்," என்றார். அதற்குப் பிறகு சாப்பாட்டுப் பார்சலைக் கடை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

முப்பத்தோராம் நாள் காலை அது ஒரே ஒரு தரம் அணையாமல் ஓடியது. சேமிக்கப் போனால்தான் அணைந்தது. பழைய வீடியோவை அப்படியே போட்டிருக்கலாம். அந்தப் புத்தி வரவில்லை. நல்லம்மாக்காவுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. பெட்டியையே திரையோடு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அங்கே போனேன்.

படையல் முடிந்திருந்தது. பந்திக்கு முன் வீடியோ என்று ஏற்பாடு. யன்னல்களுக்குச் சீலை கட்டி அறையை இருட்டாக்கினேன். முன்வரிசையில் நல்லம்மாக்கா. பக்கத்துக் கதிரையில் சிவலிங்கண்ணையின் தமையனார். வெளியே கிணற்றடியில் சமையலுக்குத் தண்ணீர் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடவிட்டேன்.

முதுகு. சோற்று வாளி. கன்னம் தெரிந்ததும் முனகல் தொடங்கியது. சனம் என்னைப் பார்த்தது. நான் சுவரைப் பார்த்தேன். அவர் திரும்பினார்.

என் கையால் செய்ததில் அப்படி ஒன்று முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நெற்றி வேர்வை தெரிந்தது. கண்ணில் ஈரம் தெரிந்தது. நல்லம்மாக்கா கதிரை நுனிக்கு வந்துவிட்டார். சிவலிங்கண்ணை வாயைத் திறந்து "வா" என்றார். அதோடு படம் உறைந்தது.

சத்தம் உறையவில்லை. "வா. வா. வா. வா." வாய் திறந்தபடியே இருந்தது. முகத்தில் பச்சையும் ஊதாவுமாகச் சதுரங்கள் பரவின. கண்களை மட்டும் அவை தொடவில்லை. கண்கள் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பாய்ந்து வயரைப் பிடுங்கினேன். பிடுங்கியது அவருடைய படத்துக்கு முன்னால் எரிந்த பல்பின் வயர். திரையைத் தவிர இருந்த வெளிச்சமும் போனது. அந்த இருட்டிலும் அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சனம் எழும்பியது. குசினி வழியாகப் பலர், யன்னல் வழியாக ஒருவர். (பெயர் சொல்லமாட்டேன். யன்னல் சட்டத்தைப் பிறகு மாற்றவேண்டி வந்தது.) என் மனுசன் ஏற்கெனவே ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணிவிட்டார்.

தமையனார் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"என்னையோ கூப்பிடுறான்?" என்றார்.

நல்லம்மாக்கா திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்களை எண்டால் வாங்கோ எண்டெல்லோ சொல்லுவார், அத்தான். வா எண்டால் அது எனக்கு."

பிறகு திரைக்குப் பதில் சொன்னார். அடுப்படியில் நின்றுகொண்டு முற்றத்துக்குச் சொல்வதுபோல, சாதாரணமாக.

"கொஞ்சம் பொறுங்கோ. இப்ப வரேலாது. மாடு கட்டக் கிடக்கு."

சத்தம் நின்றது. பெட்டியில் இருந்து எரிந்த மணம் வந்தது.

அடுத்த கிழமை பெட்டியைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திறந்து மணந்து பார்த்தார். கிழிந்த ஸ்டிக்கரையும் பார்த்தார். ஓவர்குளொக் செய்தாயா என்று கேட்டார். ஓம் என்றேன். வாரண்டி இல்லை என்றார். நான் வாதாடவில்லை, நடந்ததைச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டோ என்னவோ, ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். அந்த மென்பொருளுக்கு முகத்தைக் கண்டால்தான் வேலை கூடுமாம், முதுகில் அதற்கு வேலை இல்லையாம். வேலை கூடினால் கார்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருள் முனகும். வேகத்தைத் தள்ளிவிட்டால் கரண்டும் கூட இழுக்கும், சூடும் ஏறும். பழைய பவர் சப்ளை அவ்வளவு கொடுக்காது. அப்போது ஒன்றில் அணையும், இல்லாவிட்டால் உறையும். உறைந்தால் கடைசிச் சத்தமே திரும்பத் திரும்ப வரும். இது கொம்பியூட்டர்களுக்கு வழக்கமான வருத்தம் என்றார்.

"அவா பதில் சொன்ன உடன நிண்டதே, அது?" என்று கேட்டேன்.

திருகாணியைக் கையில் உருட்டிக்கொண்டு யோசித்தார். "அது வாரண்டிக்குள்ள வராது, பிள்ளை," என்றார்.

சின்னக் கார்டையும் புதுப் பவர் சப்ளையையும் போட்டுக்கொண்டு வந்தேன். வேகத்தில் கை வைக்கவில்லை. ஒரு பகல் முழுக்க எடுத்தது. முனகவில்லை. நல்லம்மாக்கா கடைக்கு வந்து பார்த்தார். சிவலிங்கண்ணை திரும்பினார், சிரித்தார், "வாங்கோ, இருங்கோ" என்றார். இரண்டு தரம் போடச் சொன்னார்.

"நல்ல வடிவு," என்றார். எழும்பிச் சீலையைச் சரிசெய்தார். "ஆனா இதில சனத்தையெல்லோ கூப்பிடுறார்."

எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் மனுசன் இப்போதும் மாடு கட்டக் கிடக்கு என்கிறார். எங்களிடம் மாடு இல்லை. ஊரிலும் அழைப்புக்குப் போக விருப்பமில்லாத ஆட்கள் அதைத்தான் சொல்கிறார்களாம்.

நல்லம்மாக்கா பால் கொடுத்துவிட்டுக் கடையைத் தாண்டித்தான் போவார். சில நாள் வாசலில் சைக்கிளை மெதுவாக்குவார். இறங்கமாட்டார்.

"அவர் கேட்டால் சொல்லு, மாடு இன்னும் கட்டேல்லை எண்டு."

சொல்லுறன் அக்கா என்பேன். அவர் போனபிறகு கொஞ்ச நேரம் பெட்டிப் பக்கம் திரும்புவதில்லை.